சாம் மானெக்‌ஷா

சாம் ஹோர்முஸ்ஜி பிராம்ஜி ஜம்ஷெட்ஜி மானெக்‌ஷா (3 ஏப்ரல் 1914 – 27 ஜூன் 2008) இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாகப் பணியாற்றியவர். சுதந்திர இந்தியாவில் ஃபீல்டு மார்ஷல் என்னும் மிக உயர்ந்த படைப் பதவியைப் பெற்ற முதல் அலுவலர். வங்கதேசம் என்ற தனி நாடு பிறக்கக் காரணமான 1971ஆம் ஆண்டுப் போரில் இந்தியத் தரைப்படையை வழிநடத்தியவர். படைவீரர்கள் அவரை 'சாம் பகதூர்' என்று அழைத்தனர். ஓய்வுக்குப் பின் முப்பத்தைந்து ஆண்டுகள் நீலகிரி மாவட்டம் குன்னூரில் வாழ்ந்ததால், தமிழ்நாட்டு மக்களுக்கும் அவர் அயலார் அல்லர்.

பிறப்பும் கல்வியும்

மானெக்‌ஷாவின் பெற்றோர் குஜராத் பகுதியைச் சேர்ந்த பார்சி இனத்தவர். தந்தை ஹோர்முஸ்ஜி ஒரு மருத்துவர். பம்பாயில் தொழில் சரியாக அமையாததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனைவியுடன் லாகூருக்குப் புறப்பட்டவர், வழியில் அமிர்தசரஸில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். ஆறு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தவர் சாம். தம்பி ஜெமி மருத்துவராகி விமானப்படையில் சேர்ந்து ஏர் வைஸ் மார்ஷல் நிலை வரை உயர்ந்தார்.

சாமும் தந்தையைப் போல மருத்துவராகவே விரும்பினார். நைனிதாலில் உள்ள ஷெர்வுட் கல்லூரியில் பள்ளிப்படிப்பை முடித்ததும், லண்டன் சென்று மருத்துவம் படிக்க அனுமதி கேட்டார். இன்னும் வயதாகட்டும் என்று தந்தை மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில், அப்போது புதிதாகத் தொடங்கவிருந்த இந்திய ராணுவக் கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதினார், தேர்ச்சியும் பெற்றார். 1932ஆம் ஆண்டு டேராடூனில் அக்கழகம் தொடங்கப்பட்டபோது சேர்ந்த முதல் நாற்பது மாணவர்களுள் அவரும் ஒருவர். வீட்டில் எழுந்த ஒரு சிறு பிணக்குதான் நாற்பதாண்டுப் படைவாழ்வின் தொடக்கம்.

பயிற்சி முடித்த இந்திய அலுவலர்கள் முதலில் ஓர் ஆங்கிலேயப் படைப்பிரிவில் சில காலம் இருக்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். அதன்படி லாகூரில் ராயல் ஸ்காட்ஸ் பட்டாலியனில் இருந்துவிட்டு, 12ஆவது எல்லைப்புறப் படைப்பிரிவின் நான்காம் பட்டாலியனுக்கு வந்து சேர்ந்தார். அங்கே சீக்கிய வீரர்கள் மிகுதி. அமிர்தசரஸில் வளர்ந்தவராதலால் பஞ்சாபி அவருக்குச் சரளம். சிப்பாய்களுடன் அவர்கள் மொழியிலேயே பேசிச் சிரித்துப் பழகினார். பிற்காலத்தில் அவரிடம் எல்லோரும் வியந்த அந்த நெருக்கம் இங்கே உருவானதுதான்.

திருமணம்

1937இல் லாகூரில் நடந்த ஒரு விருந்தில் சில்லூ போடே என்ற பார்சிப் பெண்ணைச் சந்தித்தார். சில்லூ பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிலும் பிறகு ஜே.ஜே. கலைப் பள்ளியிலும் பயின்றவர், ஓவியம் தெரிந்தவர். 1939 ஏப்ரல் 22 அன்று இருவருக்கும் பம்பாயில் திருமணம் நடந்தது. மூத்த மகள் ஷெர்ரி 1940இலும், இளைய மகள் மாயா 1945இலும் பிறந்தனர். பின்னாளில் மாஜா தாருவாலா என்று அறியப்பட்ட இந்த இளைய மகள், காமன்வெல்த் மனித உரிமை முன்முயற்சி அமைப்பைப் பல ஆண்டுகள் நடத்தியவர்.

இரண்டு பிறந்த ஆண்டுகளையும் கவனித்தால் ஒரு செய்தி புலப்படும். உலகப்போர் தொடங்கிய சில மாதங்களில் ஒரு குழந்தை. அது முடிந்த ஆண்டில் மற்றொரு குழந்தை. படை அலுவலரின் குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான், போர்களுக்கும் இடமாற்றங்களுக்கும் இடையில் கிடைத்த காலத்தில் நடப்பது. படையில் பணியிடங்கள் இரு வகை. மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று. கூடாத இடம் மற்றொன்று. மானெக்‌ஷா 1940களில் பணியாற்றிய வசிரிஸ்தான் பகுதியின் ராஸ்மக் கோட்டை இரண்டாம் வகை. ஆயிரக்கணக்கான வீரர்கள் இருந்த அக்கோட்டைக்குள் பெண்களுக்கு அனுமதியே கிடையாது.

சிட்டாங் ஆற்றங்கரையில்

1942ஆம் ஆண்டு ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வேகமாக முன்னேறியது. ரங்கூனுக்குச் செல்லும் வழியில் சிட்டாங் ஆறு குறுக்கிட்டது. அதன்மேல் இருந்த ரயில் பாலம் ஒன்றுதான் பின்வாங்கிவந்த இந்திய, ஆங்கிலேயப் படைகளுக்கு வழி. பாலத்தின் அருகே இருந்த பகோடா குன்றைக் கைப்பற்றும்படி மானெக்‌ஷாவின் கம்பெனிக்கு ஆணை வந்தது. (கம்பெனி என்பது ஏறத்தாழ நூறு பேர் கொண்ட படைக்குழு.) பிப்ரவரி 22 அன்று நடந்த அந்தத் தாக்குதலில் கம்பெனியில் பெரும் இழப்பு ஏற்பட்டது, குன்று கைக்கு வந்தது. அப்போதுதான் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பல மானெக்‌ஷாவின் வயிற்றில் பாய்ந்தன.

போர்க்களத்தைப் பார்வையிட்ட மேஜர் ஜெனரல் கோவன், இவர் பிழைக்கமாட்டார் என்று எண்ணினார். மிலிட்டரி கிராஸ் என்ற வீர விருது அக்காலத்தில் இறந்தவர்களுக்கு வழங்கப்படவில்லை. ஆகவே தம் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் நாடாவைக் கழற்றி, கீழே கிடந்த அலுவலரின் மார்பில் குத்தினார். விருது அந்த ஆண்டு ஏப்ரலில் முறைப்படி அறிவிக்கப்பட்டது.

அவரைத் தோளில் சுமந்து மருத்துவரிடம் கொண்டுசேர்த்தவர் அவருடைய சீக்கிய உதவியாள் ஷேர் சிங். பிழைக்க வாய்ப்பில்லாதவருக்கு நேரம் செலவிட முடியாது என்று மருத்துவர் முதலில் மறுத்தபோது, ஷேர் சிங் விடாமல் வற்புறுத்தினார். இதற்கிடையில் நினைவு திரும்பிய நோயாளியிடம் என்ன ஆயிற்று என்று மருத்துவர் கேட்க, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று பதில் வந்ததாம். இந்த நிலையிலும் நகைச்சுவை இருக்கிறதே என்று வியந்து அறுவை செய்தார் என்பார்கள். குடலின் ஒரு பகுதியை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு; ஷெர்ரி கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருந்த நேரம்.

பாலத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் விடியுமுன், பாலம் ஜப்பானியர் கையில் சிக்கிவிடும் என்று அஞ்சி அதை வெடிவைத்துத் தகர்த்தனர். படையின் பெரும்பகுதி இன்னும் அக்கரையில் இருந்தது. ஆற்றை நீந்திக் கடந்தவர்கள் பிழைத்தனர். முடியாதவர்கள் மூழ்கினர் அல்லது சிறைப்பட்டனர். காயம்பட்டு முன்னமே அப்புறப்படுத்தப்பட்டது மானெக்‌ஷாவுக்கு ஒருவகையில் நன்மையாயிற்று.

உடல் தேறியபின் குவெட்டா அலுவலர் கல்லூரியில் பயின்றார். மீண்டும் பர்மாப் போருக்கே அனுப்பப்பட்டார். போர் முடிந்தபின் இந்தோசீனாவில் போர்க்கைதிகளின் மறுவாழ்வுப் பணியில் உதவினார்.

பிரிவினைக் காலம்

1947இல் நாடு மட்டுமன்றி ராணுவமும் இரண்டாகப் பிரிந்தது. நாற்காலி மேசை முதல் படைப்பிரிவுகள் வரை எல்லாவற்றையும் பங்கு போட்டார்கள். மானெக்‌ஷா சேர்ந்திருந்த எல்லைப்புறப் படைப்பிரிவு பாகிஸ்தானுக்குப் போயிற்று. அவர் பிறந்த அமிர்தசரஸ் இந்தியாவில்; மனைவியைச் சந்தித்த லாகூர் எல்லைக்கு அப்பால். அவர் இந்தியாவில் தங்க முடிவு செய்தார். பிற்பாடு கோர்க்காப் படைப்பிரிவோடு இணைந்தார். 'சாம் பகதூர்' என்ற பெயர் ஒரு கோர்க்கா வீரர் வாயிலிருந்து வந்தது என்பர்.

டெல்லியில் ராணுவ நடவடிக்கைகள் துறையில் இருந்தபோது காஷ்மீர்ச் சிக்கல் வெடித்தது. 1947 அக்டோபர் 25 அன்று வி.பி. மேனனுடன் விமானத்தில் ஸ்ரீநகர் சென்று நிலைமையை நேரில் கண்டு வந்தவர் மானெக்‌ஷா. இரண்டு நாள் கழித்து, மகாராஜா இணைப்பு ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டபின், இந்தியப் படைகள் விமானத்தில் அங்கு இறங்கின. இந்தத் திட்டமிடும் பணியிலேயே அவரை நிறுத்திக்கொண்டதால், படை அலுவலர் ஒவ்வொருவரும் கனவு காணும் பட்டாலியன் தலைமை அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. ஒரு பட்டாலியனைக்கூட நடத்தாதவர் முழுப்படையையும் நடத்தினார் என்பது வியப்பான செய்திதான்.

இக்காலத்தைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. அவருடன் டெல்லியில் பணியாற்றியவர்களில் ஒருவர் யாஹ்யா கான். பிரிவினையின்போது மானெக்‌ஷாவின் மோட்டார் சைக்கிளை ஆயிரம் ரூபாய்க்கு விலைபேசி எடுத்துச்சென்ற யாஹ்யா, பணத்தை அனுப்பவே இல்லை. பின்னாளில் அதே யாஹ்யா பாகிஸ்தானின் அதிபராக இருந்தபோதுதான் 1971ஆம் ஆண்டுப் போர் நடந்தது. பாதி நாட்டைக் கொடுத்து யாஹ்யா கடனை அடைத்துவிட்டார் என்று மானெக்‌ஷா சொல்லிச் சிரிப்பாராம்.

வெலிங்டனில் நேர்ந்த சோதனை

அடுத்த பத்தாண்டுகளில் பெரோஸ்பூரில் பிரிகேடு தலைமை, மாவ் நகரில் காலாட்படைப் பள்ளித் தலைமை, லண்டனில் உயர்படிப்பு, ஜம்முப் பகுதியில் டிவிஷன் தலைமை என்று பணிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் வீட்டுச் சாமான்கள் பெட்டியில் ஏறின.

ஜம்முவில் இருந்த காலத்தில் பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் அங்கு வந்தார். தரைப்படைத் தலைமைத் தளபதி திம்மையாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். தம் தளபதியைப் பற்றிக் கருத்துச் சொல்வது தமக்குத் தகாது என்று மானெக்‌ஷா மறுத்தார். தம்மைப் பற்றித் தம் கீழுள்ளவர்களிடம் அமைச்சர் இப்படிக் கேட்கத் தொடங்கினால் படையின் ஒழுங்கு கெட்டுவிடும் என்பது அவர் வாதம். அமைச்சருக்கு அது பிடிக்கவில்லை.

1959இல் வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் படை அலுவலர் கல்லூரியின் தலைவராக மானெக்‌ஷா நீலகிரிக்கு வந்தார். குடும்பத்துக்கு மலையின் குளிரும் தோட்டமும் பிடித்துப்போயின. ஆனால் அங்கே இருந்தபோதுதான் அவர்மீது நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற பழி சுமத்தப்பட்டு, 1961இல் ஒரு விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்துப் பழக்கங்களில் பற்றுள்ளவர், அரசியல்வாதிகளைக் குறைத்துப் பேசுகிறார் என்பன போன்றவை குற்றச்சாட்டுகள். வெளிப்படையாகப் பேசும் நாக்கு அவருக்கு இருந்தது உண்மை. அதைத் துரோகம் என்று திரித்ததுதான் கொடுமை.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை மாணவர்கள் உணர வேண்டும். படையில் இப்படிப்பட்ட குற்றம் உறுதியானால் பதவி போவதோடு நில்லாது, பெயரும் போகும். நாற்பத்தேழு வயது; மூத்த மகளுக்கு இருபது கடந்திருந்தது, இளையவள் பள்ளி வயதில் இருந்தாள். வயிற்றில் குண்டு வாங்கியதைவிட நீண்ட வலி இது என்று சொல்லலாம். லெப்டினன்ட் ஜெனரல் தௌலத் சிங் தலைமையிலான மன்றம் சாட்சிகளை விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆயினும் அவருக்குரிய பதவி உயர்வு உடனே வரவில்லை.

அதைக் கொண்டுவந்தது ஒரு தோல்வி. 1962 அக்டோபரில் சீனப்படை எல்லையைக் கடந்து தாக்கியது. வடகிழக்கில் நான்காம் கோரைத் தலைமையேற்ற பி.எம். கௌலின் படை சிதறியது. கிருஷ்ண மேனன் பதவி விலகினார். அந்த டிசம்பரில் மானெக்‌ஷா லெப்டினன்ட் ஜெனரலாக உயர்த்தப்பட்டு, அதே நான்காம் கோரின் தலைமைக்கு அசாமின் தேஜ்பூருக்கு அனுப்பப்பட்டார். மனமொடிந்து கிடந்த அலுவலர்களிடம் அவர் நீண்ட சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. எழுத்து மூலமான ஆணை இல்லாமல் இனிப் பின்வாங்குதல் கிடையாது, அப்படியோர் ஆணை ஒருபோதும் வெளிவராது என்று மட்டும் சொன்னதாகப் படை வரலாறுகள் கூறுகின்றன.

பிறகு சிம்லாவில் மேற்குப் பிராந்தியத்துக்கும், 1964 முதல் கல்கத்தாவில் கிழக்குப் பிராந்தியத்துக்கும் தளபதியாக இருந்தார். 1968இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1969 ஜூன் 8 அன்று, திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தைச் சேர்ந்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் ஓய்வுபெற்றபோது, அவர் இடத்தில் தரைப்படைத் தலைமைத் தளபதியானார்.

1971: இல்லை என்று சொன்ன தளபதி

1971 மார்ச் 25 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவம் தன் சொந்த மக்கள்மீதே பாய்ந்தது. தேர்தலில் பெரும்பான்மை பெற்ற அவாமி லீக் கட்சியின் தலைவர் முஜிபுர் ரகுமான் கைது செய்யப்பட்டார். அகதிகள் எல்லை தாண்டி வரத் தொடங்கினர். ஆண்டு முடிவதற்குள் அவர்கள் தொகை ஏறத்தாழ ஒரு கோடியைத் தொட்டது. மேற்கு வங்கம், திரிபுரா, அசாம் மாநிலங்களில் முகாம்கள் நிரம்பி வழிந்தன. உடனே படையெடுக்க வேண்டும் என்ற குரல் நாட்டில் வலுத்தது.

ஏப்ரல் இறுதியில் பிரதமர் இந்திரா காந்தி அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தளபதியை அழைத்தார். இப்போதே போருக்குச் செல்ல முடியுமா என்ற கேள்விக்கு மானெக்‌ஷா முடியாது என்றார். அதற்கு அவர் சொன்ன காரணங்கள் படிப்பவர்களுக்கு நல்ல பாடம். கிழக்கு வங்காளம் ஆறுகளின் நாடு. பருவமழை தொடங்கிவிட்டால் ஆறுகள் கடலாகும், வண்டிகள் சாலையை விட்டு இறங்க முடியாது, விமானப்படையும் உதவ இயலாது. கோடையில் இமயக் கணவாய்களில் பனி உருகி வழி திறந்திருக்கும். சீனா தலையிட்டால் இரண்டு பக்கமும் போராட வேண்டும். பனிக்காலத்தில் அக்கவலை குறையும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அது கோதுமை அறுவடைக் காலம். படைகளை நகர்த்த ரயில் பெட்டிகளை எடுத்துக்கொண்டால் தானியம் தேங்கி நாட்டில் பஞ்சம் வரக்கூடும். டாங்கிகளில் பல போருக்கு ஆயத்தமாக இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, வேண்டுமானால் உடல்நலக் காரணம் காட்டிப் பதவி விலகவும் தயார் என்றாராம். பிரதமர் அதை ஏற்கவில்லை. ஆயத்தம் செய்ய அவருக்குக் காலம் கிடைத்தது.

இந்தக் காட்சி பெரும்பாலும் மானெக்‌ஷா ஓய்வுபெற்றபின் மேடைகளில் சொன்னவற்றை ஒட்டியே பரவியது. அவர் கதை சொல்வதில் வல்லவர். சொல்லச் சொல்லக் கதை மெருகேறுவதும் இயல்பு. ஏப்ரலில் போர் தொடங்கும் எண்ணம் இந்திரா காந்திக்கே இருக்கவில்லை, அவருடைய நெருங்கிய ஆலோசகர்களும் காத்திருக்கவே சொன்னார்கள் என்று ஆவணங்களை ஆராய்ந்த பின்னாளைய வரலாற்றாசிரியர்கள் சிலர் எழுதியுள்ளனர். அது சரியாக இருந்தாலும், கொதித்துக்கொண்டிருந்த அமைச்சர்கள் முன்னிலையில் பொறுப்பான படைத்தலைவர் ஒருவர் உள்ளதை உள்ளபடி சொன்னார் என்பது மறுக்கப்படவில்லை. ஒன்பதாண்டுகளுக்கு முன் 1962இல் அப்படிச் சொல்ல ஆள் இல்லாமற் போனதன் விலையை நாடு கண்டிருந்தது.

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் மேற்கு இந்திய விமானத் தளங்களைத் தாக்கின. போர் பதின்மூன்று நாட்களில் முடிந்தது. இந்தியப் படை வலுவான நகரக் காவல்களைச் சுற்றிக்கொண்டு ஆறுகளைக் கடந்து டாக்காவை நோக்கி விரைந்தது. முக்தி வாகினி வீரர்கள் வழிகாட்டினர். போரின் நடுவே மானெக்‌ஷாவின் செய்திகள் வானொலியிலும் துண்டறிக்கையிலும் எதிரி வீரர்களுக்குப் போயின. நீங்கள் சூழப்பட்டுவிட்டீர்கள், ஆயுதங்களைக் கீழே வைத்தால் உயிருக்கும் மரியாதைக்கும் பாதுகாப்பு உண்டு என்பது அவற்றின் சாரம்.

டிசம்பர் 16 அன்று டாக்கா ரம்னா குதிரைப்பந்தயத் திடலில் ஜெனரல் நியாஸி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அங்கே சென்று அதைப் பெற்றுக்கொள்ளும்படி பிரதமர் கேட்டபோது, அந்தப் பெருமை கிழக்குப் பிராந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோராவுக்கே உரியது என்று மானெக்‌ஷா டெல்லியில் இருந்துவிட்டார். புகழ்பெற்ற அந்தப் புகைப்படத்தில் அவர் இல்லாததன் காரணம் இதுதான். வெற்றியின் பங்கு யாருக்கு எவ்வளவு என்ற விவாதம் பின்னர் எழுந்தது. டாக்காவைப் பிடிப்பது டெல்லியின் முதல் திட்டத்தில் இல்லை, அது கிழக்குப் பிராந்தியத்தின் முடிவு என்று அப்போது அங்கே தலைமை அலுவலராக இருந்த ஜெனரல் ஜேக்கப் எழுதினார். பெரிய வெற்றிகளுக்குத் தந்தையர் பலர் இருப்பது புதிதல்ல.

குடிமக்களையும் சேர்த்து ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர். வெற்றிபெற்ற படை கொள்ளையடிக்கக் கூடாது, பெண்களைத் தொடக் கூடாது என்பதில் அவர் மிகக் கண்டிப்பு. பெண்ணைக் கண்டால் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சாமை நினையுங்கள் என்று வீரர்களுக்குச் சொல்லியனுப்பினாராம். இரண்டு பெண்களைப் பெற்ற தகப்பன் பேச்சு அது. கைதிகளுக்கு நல்ல உணவும் சமயக் கடமைகளைச் செய்ய வசதியும் அளிக்கப்பட்டன.

ஃபீல்டு மார்ஷல்

1972இல் பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது. ஓய்வுக் காலம் வந்தும் பணி நீட்டிக்கப்பட்டு, 1973 ஜனவரி தொடக்கத்தில் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி அவருக்கு ஃபீல்டு மார்ஷல் பதவியை அளித்தார். ஐந்து நட்சத்திரங்கள் கொண்ட இப்பதவியில் இருப்பவருக்கு ஓய்வு என்பதே கிடையாது. வாழ்நாள் முழுதும் சீருடை அணியலாம், பதவிக்குரிய கோலை ஏந்தலாம். இந்தியத் தரைப்படையில் இதைப் பெற்றவர்கள் இருவரே. மற்றவர் கே.எம். கரியப்பா, அவருக்கு 1986இல் வழங்கப்பட்டது. பதவி வாழ்நாளுக்கும் உரியது என்றாலும், அன்றாட ஆணைப் பொறுப்பை 1973 ஜனவரி 15 அன்று மானெக்‌ஷா ஒப்படைத்தார்.

அந்த ஆண்டே ஒரு பேட்டியில், 1947இல் தாம் பாகிஸ்தானைத் தேர்ந்தெடுத்திருந்தால் 1971இல் வெற்றி அந்தப் பக்கம் போயிருக்கும் என்ற பொருளில் விளையாட்டாக ஏதோ சொல்லிவிட்டார். நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. அரசு வட்டாரத்தில் அவர்மீதிருந்த அன்பு குறைந்தது. ஃபீல்டு மார்ஷலுக்கு உரிய முழு ஊதியமும் பல்லாண்டுகள் அவருக்குக் கிடைக்கவில்லை. 2007இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவரை வெலிங்டனில் வந்து கண்டார். ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிலுவைத் தொகை அந்த ஆண்டில்தான் வழங்கப்பட்டது. பெற்றவருக்கு அப்போது தொண்ணூற்று மூன்று வயது.

குன்னூர் வாழ்க்கை

ஓய்வுபெற்ற தளபதிகள் பலர் டெல்லியைச் சுற்றியே குடியேறுவது வழக்கம். மானெக்‌ஷாவும் சில்லூவும் குன்னூரைத் தேர்ந்தனர். வெலிங்டன் காலத்தில் மனத்தில் பதிந்த மலை அது. வீட்டுக்கு 'ஸ்தாவ்கா' என்று பெயர் வைத்தனர். ரஷ்ய மொழியில் படைத் தலைமையகத்தைக் குறிக்கும் சொல். முப்பத்து நான்கு ஆண்டுத் திருமண வாழ்வில் சொந்தமென்று நிலைத்து இருக்கக் கிடைத்த வீடு இதுதான். அதுவரை லாகூர், பெரோஸ்பூர், மாவ், ஜம்மு, சிம்லா, கல்கத்தா, டெல்லி என எல்லாம் அரசு வீடுகள்.

விடியுமுன் எழுவது அவர் வழக்கம். தோட்ட வேலையில் மிகுந்த ஈடுபாடு. நாய்கள் வளர்ப்பதிலும் அப்படியே. சில நிறுவனங்களின் இயக்குநராக இருந்து அவ்வப்போது பயணம் செய்தார். வெலிங்டன் கல்லூரிக்குப் பயில வரும் இளம் அலுவலர்களுக்கு அவரைக் காண்பதும் அவர் பேச்சைக் கேட்பதும் பெரும் பேறாக இருந்தன. தலைமைப் பண்பு பற்றி அங்கே அவர் ஆற்றிய உரைகளின் பதிவுகள் இன்றும் கேட்கப்படுகின்றன. மகள்களும் பேரப்பிள்ளைகளும் விடுமுறைகளில் வந்து நிரப்பும் வீடாக ஸ்தாவ்கா இருந்தது. ராணுவப் பணியின்போது தவறிப்போன நாட்களை அந்த மலைவீட்டில் அவர் திரும்பப் பெற்றார் எனலாம்.

2001 பிப்ரவரியில் சில்லூ காலமானார். திருமணமாகி அறுபத்திரண்டு ஆண்டு நிறைவதற்கு இரண்டு மாதங்களே இருந்தன. அதன்பின் ஏழாண்டுகள் அவர் அதே வீட்டில் வாழ்ந்தார். நுரையீரல் அழற்சியால் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2008 ஜூன் 27 அன்று தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார்.

உதகமண்டலத்தில் உள்ள பார்சிக் கல்லறைத் தோட்டத்தில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் நடந்தது. குடியரசுத் தலைவரோ பிரதமரோ வரவில்லை. முப்படைகளின் தலைமைத் தளபதிகளும் வரவில்லை. தேசிய துக்கமும் அறிவிக்கப்படவில்லை. மத்திய அரசின் சார்பில் பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் பல்லம் ராஜு கலந்துகொண்டார். நாளிதழ்களில் இதுபற்றி வருத்தமும் கோபமும் வெளியாயின. நீலகிரி மக்களும் பணியிலிருந்த, ஓய்வுபெற்ற வீரர்களும் திரண்டு வந்திருந்தனர்.

அந்த ஆண்டு டிசம்பர் 16 அன்று, வெற்றி நாளில், அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. டெல்லியில் ராணுவத்தின் கூட்ட அரங்கம் ஒன்று மானெக்‌ஷா மையம் என்று பெயர் பெற்றது. உதகை – குன்னூர் சாலையில் வெலிங்டன் அருகே உள்ள பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அதனருகில் அவருடைய கருங்கல் சிலை நிற்கிறது. 2023இல் 'சாம் பகதூர்' என்ற இந்தித் திரைப்படம் மேக்னா குல்சார் இயக்கத்தில் வெளிவந்தது. உதகைக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறை, சில்லூவின் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறது.